திருகோணமலை: பார்த்துச் செல்வதும் அறிந்து செல்வதும்

வாடைக் காற்று ஓய்ந்து கிழக்குக் கடல் அடங்கும் பங்குனி முதல் புரட்டாதி வரையான மாதங்களில் திருகோணமலையை நோக்கி மக்கள் திரள்வது வழக்கம். பாடசாலை விடுமுறை நாட்களிலும் நீண்ட வார இறுதிகளிலும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் பஸ் வண்டிகளும் வான்களும் நிறைந்து வருகின்றன. கோணேசரை வணங்கி, கன்னியாவில் குளித்து, நிலாவெளியில் கடலாடி, கருவாடு வாங்கிக்கொண்டு பொழுது சாயுமுன் திரும்பிவிடுவோர்தாம் அவர்களிற் பெரும்பாலானோர். இதிற் குறை காண்பதற்கில்லை. உழைத்துக் களைத்த மக்களுக்கு ஓய்வு வேண்டும். பிள்ளைகளுக்குக் கடல் வேண்டும்.

ஆயினும் அவர்கள் கால் பதித்துச் செல்லும் இடங்கள் வெறும் பொழுதுபோக்குத் தலங்கள் அல்ல. எந்தக் கல் யாருடையது, எந்தக் குன்று எவருக்கு உரியது என்ற கேள்விகள் கடந்த பல ஆண்டுகளாக நீதிமன்றங்கள் வரையும் பாராளுமன்றம் வரையும் சென்றுள்ள மண் இது. இந்நிலையில் இவ்விடங்களின் வரலாறு யாது, அதற்குச் சான்று யாது என்பதை அறிந்து வைத்திருப்பது இப்பிரதேசத்தின் தமிழ், முஸ்லிம் மக்களாகிய நமக்கு வெறும் பொது அறிவன்று, ஒரு கடமையுமாகும். அந்நோக்குடன் திருகோணமலையின் இயற்கை, வரலாற்றுச் சிறப்பு மிக்க இடங்கள் சிலவற்றை இக்கட்டுரையில் நோக்குவோம்.

மலை கடலைத் தொடும் இடம்

இலங்கையின் கரையோரம் பெரும்பாலும் தாழ்ந்த மணற்பரப்பாகவே அமைந்துள்ளது. திருகோணமலையில் மட்டும் காட்சி மாறுகிறது. நாட்டின் நடுவே மலைநாட்டைத் தாங்கி நிற்கும் மிகப் பழைய பாறைத்தொகுதி வடகிழக்காக நீண்டு வந்து இங்கே கடலைத் தொடுகிறது. எளிதில் தேயாத கடும்பாறை முகடுகள் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்க, அவற்றின் இடையே நீர் புகுந்து உருவானவையே இங்குள்ள குடாக்கள். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று எனப் பெயர் பெற்ற உட்துறைமுகம் இவ்வாறு மலைகளின் அரவணைப்பில் அமைந்தது. எந்தக் காற்றுக் காலத்திலும் கப்பல்கள் இங்கே பாதுகாப்பாகத் தரித்து நிற்க இயலும்.

நிலத்தின் மேலே தெரியும் மலைகளைப் போன்றே கடலின் அடியிலும் ஒரு பெரும் பள்ளத்தாக்கு உண்டு. மகாவலி கங்கை வந்து கலக்கும் கொட்டியாரக் குடாவிலிருந்து தொடங்கும் அந்தப் பள்ளத்தாக்கு ஆழ்கடலில் 3,000 மீற்றருக்கும் அதிகமான ஆழம் வரை இறங்குகிறது. கரைக்கு மிக அண்மையிலேயே ஆழ்கடல் இருப்பதால் உலகின் மிகப் பெரிய உயிரினமான நீலத் திமிங்கிலம் இப்பகுதிக்கு வருகின்றது. பங்குனி, சித்திரை மாதங்களில், வாய்ப்பு இருப்பின், கோணேசர் மலையின் உச்சியில் நின்றவாறே அவை நீரைப் பீச்சியடிப்பதைக் காணலாம். கரையில் நின்று நீலத் திமிங்கிலத்தைக் காணக்கூடிய இடங்கள் உலகில் மிகச் சிலவே.

கோணேசர் மலையும் கோட்டையும்

கடலுக்குள் செங்குத்தாக இறங்கும் பாறையின் உச்சியில் அமைந்துள்ள திருக்கோணேஸ்வரம், ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம். ஈழத்தில் தேவாரப் பாடல் பெற்ற இரு தலங்களுள் இது ஒன்று. மற்றையது மன்னாரில் உள்ள திருக்கேதீஸ்வரம். குளக்கோட்டன் என்னும் மன்னன் இக்கோயிலுக்குத் திருப்பணி செய்து, வயல்களையும் குளங்களையும் தொழும்பு முறைகளையும் ஏற்படுத்தினான் எனக் கோணேசர் கல்வெட்டு என்னும் நூல் கூறுகிறது.

போர்த்துக்கேயர் வந்தபோது இம்மலையில் மூன்று கோயில்கள் இருந்தன. ஆயிரங்கால் கோயில் என அவர்களே வியந்து குறிப்பிட்ட அதனை 1620களில் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா தலைமையிலான படை தகர்த்தது. சித்திரைப் புத்தாண்டு நாளில், சுவாமி ஊர்வலம் நகருக்குள் சென்றிருந்த வேளையில், படையினர் மாறுவேடத்தில் உட்புகுந்தனர் என்பது மக்கள் வழக்கில் நிலைத்த செய்தி. இடித்த கற்களைக் கொண்டே கோட்டை கட்டப்பட்டது. அக்கோட்டையின் வாயிலில் பொறிக்கப்பட்டுள்ள இரட்டைக் கயல் சின்னத்தையும் தமிழ்க் கல்வெட்டையும் இன்றும் காணலாம். கோயிலுக்குச் செல்லும் ஒவ்வொருவரும் அவ்வாயிலூடாகவே செல்கின்றனர். ஆனால் நின்று நிமிர்ந்து பார்ப்போர் மிகச் சிலரே.

இந்த இடத்தில் முஸ்லிம் வாசகர்களும் நினைவிற் கொள்ளத்தக்க ஒரு செய்தி உண்டு. கோணேசர் கோயில் தகர்க்கப்பட்ட அதே பத்தாண்டில், 1626 இல், போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு அடைக்கலம் அளித்து, அவர்களுட் பெருந்தொகையினரைக் கிழக்கிலே குடியமர்த்தினான். ஒரே ஆதிக்கத்தின் கைகளால் ஒரு சமூகம் தன் கோயிலை இழந்தது. மற்றொரு சமூகம் தன் வாழ்விடத்தை இழந்தது. இவ்விரு நிகழ்வுகளையும் நமது பிள்ளைகள் தனித்தனி அத்தியாயங்களாகவே கற்கின்றனர். அவற்றை ஒன்றாக வைத்துப் படித்தால் அவர்கள் அறிந்துகொள்ளக் கூடியது இன்னும் அதிகம்.

கோட்டையின் பிற்கால வரலாறு கைமாற்றங்களின் வரலாறாகும். 1639 இல் ஒல்லாந்தர் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் துணையுடன் இதனைக் கைப்பற்றினர். 1672 இல் பிரெஞ்சுக்காரர் சிறிது காலம் இங்கே காலூன்றினர். 1782 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயரிடமும், அதே ஆண்டு ஆவணியில் பிரெஞ்சுத் தளபதி சுப்ரேனிடமும் வீழ்ந்து, மீண்டும் ஒல்லாந்தரைச் சேர்ந்து, 1795 இல் முற்றாக ஆங்கிலேயர் வசமாயிற்று. 1803 இல் மன்னர் மூன்றாம் ஜோர்ஜின் மகனான யோர்க் கோமகனின் பெயரால் பிரெட்றிக் கோட்டை எனப் பெயரிடப்பட்டது. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற ஆர்தர் வெல்லெஸ்லி 1800 ஆம் ஆண்டின் இறுதியில் படையுடன் வந்து தங்கிய இல்லமும் கோட்டைக்குள்ளேயே இருக்கின்றது.

மலையுச்சியில் ஒல்லாந்தர் காலத்துத் தூண் ஒன்று நிற்கின்றது. காதலன் கைவிட்டுக் கப்பலேறிச் சென்றதால் பிரான்சினா வான் ரீட் என்னும் பெண் 1687 இல் இம்மலையிலிருந்து பாய்ந்து உயிர் துறந்தாள் என்றும், அவளது நினைவாகவே இத்தூண் நிறுவப்பட்டது என்றும் வழிகாட்டிகள் உருக்கமாகக் கூறுவர். ஆனால் அதன் பின்னர் அவள் வேறொருவரை மணந்து வாழ்ந்தாள் என்பதை ஒல்லாந்தர் ஆவணங்கள் காட்டுகின்றன. கதையும் சான்றும் வேறுபடும் இடங்களில் இரண்டையும் அறிந்திருப்பதே நலம். இராவணன் தன் வாளால் பிளந்தான் எனப்படும் பாறைப் பிளவான இராவணன் வெட்டை நாம் பக்தியோடு பார்க்கிறோம். அதனைக் கதையென அறிந்தே பார்ப்பதால் பக்தி குறைந்துவிடுவதில்லை.

கோயில் அழிந்த பின்னரும் வழிபாடு அழியவில்லை. மறைத்து வைத்துக் காப்பாற்றப்பட்ட மூர்த்திகளுக்குத் தம்பலகாமத்தில் ஆதி கோணேஸ்வரம் எழுந்தது. மலையில் கோயில் இல்லாத காலத்திலும் அடியார்கள் பாறை முனைக்கு வந்து கடலை நோக்கிப் பூவும் பழமும் இட்டு வணங்கினர். 1950 இல் நகரில் கிணறு வெட்டிய இடத்தில் வெண்கலத் திருவுருவங்கள் கிடைத்தன. 1956 இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடியில் கடலுள் மூழ்கிப் பார்த்தபோது பழைய கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டனர். வில்சன் கடலடியிலிருந்து மீட்ட இலிங்கம் கோயிலிலே வைக்கப்பட்டது. புதிய ஆலயத்தின் கும்பாபிஷேகம் 1963 இல் நடைபெற்றது.

கன்னியா வெந்நீர்க் கிணறுகள்

நகரிலிருந்து வடமேற்கே சுமார் 8 கிலோமீற்றர் தொலைவில் குன்றுகளின் அடிவாரத்தில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ளன. ஆழம் மூன்று நான்கு அடிக்கு மேல் இராது. ஒன்றுக்கொன்று அருகருகே இருந்தும் ஏழிலும் வெப்பம் வேறு வேறாக இருப்பதே இவற்றின் விந்தை. ஒரு கிணற்றில் இளஞ்சூடு. அடுத்ததில் முதல் வாளிக்கே உடல் திடுக்கிடும்.

இங்கே எரிமலை எதுவும் இல்லை. மழைநீர் பாறைப் பிளவுகளினூடாக நிலத்தின் ஆழத்துக்கு இறங்குகிறது. ஆழம் செல்லச் செல்லப் பூமியின் உட்சூட்டினால் வெப்பமடைந்து, வேறொரு பிளவின் வழியே மேலெழுந்து வருகிறது. வரும் வழியில் மேற்பரப்பின் குளிர்ந்த நிலத்தடி நீருடன் எவ்வளவு கலக்கிறது என்பதைப் பொறுத்துக் கிணற்றுக்குக் கிணறு வெப்பம் மாறுகிறது. மகாஓயா, மகாபெலஸ்ஸ போன்ற இடங்களில் உள்ள வெந்நீர் ஊற்றுகளும் இவ்வாறே தோன்றியவை. நாட்டின் இரு பெரும் பாறைத்தொகுதிகள் சந்திக்கும் எல்லையை ஒட்டியே இவ்வூற்றுகளுட் பெரும்பாலானவை அமைந்துள்ளன.

தாயின் ஈமக்கடனைச் செய்வதற்காக இராவணன் வாளால் ஊன்றிய ஏழு இடங்களில் நீர் பெருகியது என்பது சைவ மக்களின் ஐதிகம். அதன் வழியாகவே பெற்றோருக்கு அந்தியேட்டிக் கிரியை செய்வோர் தலைமுறை தலைமுறையாக இங்கு வருகின்றனர். பௌத்த மக்கள் இவ்விடத்தைப் பண்டைய விகாரை ஒன்றின் பகுதியாகக் கருதுகின்றனர். அருகில் உள்ள குன்றின் மேல் முஸ்லிம் பெரியார் ஒருவரின் மிக நீண்ட அடக்கத்தலம் உண்டென்பது முஸ்லிம்களின் வாய்மொழி மரபு. ஏழு கிணறுகளைச் சூழ்ந்து மூன்று சமயங்களின் நினைவுகள் குடிகொண்டிருப்பது இத்தலத்தின் பெருமையாக இருந்திருக்க வேண்டும். ஆனால் இங்கிருந்த பிள்ளையார் கோயில் அமைந்த நிலம் தொடர்பாக 2019 இல் பெரும் சர்ச்சை எழுந்து, விடயம் நீதிமன்றம் வரை சென்றது. நீராட வந்தவர்களும் கிரியை செய்ய வந்தவர்களும் பொலிஸ் காவலுக்கு நடுவே நிற்க நேர்ந்தமை இந்நாட்டின் மனச்சாட்சியை உறுத்த வேண்டிய காட்சியாகும்.

வெல்கம் விகாரை சொல்லும் செய்தி

தொல்லியல் என்பது ஓர் இனத்தின் உரிமைப் பத்திரமாக மட்டும் வாசிக்கப்படும் காலத்தில், அவ்வாசிப்பு எவ்வளவு குறுகியது என்பதை உணர்த்துவதற்குக் கன்னியாவிலிருந்து அதிக தூரம் செல்ல வேண்டியதில்லை. பெரியகுளத்துக்கு அருகே காட்டின் நடுவே வெல்கம் விகாரை அமைந்துள்ளது. அயலில் வாழ்ந்த தமிழ் மக்கள் அதனை நாதனார் கோயில் என்றே அழைத்து வந்தனர். பதினோராம் நூற்றாண்டில், சோழர் ஆட்சியின்போது, இவ்விகாரைக்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்னும் பெயர் வழங்கியது. நந்தா விளக்கு எரிப்பதற்காகவும் பிற தேவைகளுக்காகவும் கால்நடைகளையும் பொருளையும் தானமாக அளித்தோரின் விபரங்களைக் கூறும் தமிழ்க் கல்வெட்டுகள் பல இங்கே கண்டெடுக்கப்பட்டுள்ளன.

சைவப் பேரரசன் ஒருவனின் பெயரைத் தாங்கிய பௌத்தப் பள்ளி. அதனைத் தமிழர் பேணினர். தமிழிலேயே கல்லில் எழுதினர். இதன் பொருள் என்ன? பௌத்தச் சின்னம் கிடைத்த இடமெல்லாம் சிங்களக் குடியிருப்பு எனக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. அதேபோல் பௌத்தம் நமக்கு அந்நியமானது எனக் கருதி அச்சின்னங்களை நாம் புறக்கணித்து வந்ததும் பொருந்தாது. திருகோணமலைக்கு வருகின்ற எத்தனை தமிழ்ப் பாடசாலைகள் தம் மாணவர்களை வெல்கம் விகாரைக்கு அழைத்துச் செல்கின்றன என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். நாம் சென்று வாசிக்காத கல்வெட்டை மற்றவர் தமக்கு வேண்டியவாறு வாசிப்பதைக் குறை கூறுவதில் பயனில்லை.

மேலும் வடக்கே செல்லின் தமிழ்க் கிராமமான திரியாய் வரும். அங்குள்ள குன்றின் மேல் பழைய வட்டத் தூபியும் அதனைச் சூழ்ந்த கற்றூண்களும் காணப்படுகின்றன. பல்லவ கிரந்த எழுத்தில் சமஸ்கிருத மொழியில் பொறிக்கப்பட்ட பாறைக் கல்வெட்டு ஒன்று இங்கே உண்டு. இத்தலத்தை வணிகர் கூட்டத்தினருடன் தொடர்புபடுத்தும் அக்கல்வெட்டு, கடல் கடந்து வந்தோர் இக்கரையிலே பல மொழிகளையும் பல வழிபாடுகளையும் கொண்டு வந்து சேர்த்தனர் என்பதற்குச் சான்றாகும். உச்சியிலிருந்து நோக்கினால் ஒருபுறம் வயலும் காடும், மறுபுறம் நீலக் கடலும் ஒரே பார்வையில் விரியும்.

புறாத்தீவும் அரிசிமலையும்

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில் இருப்பது புறாத்தீவு. மாடப்புறாக்கள் கூடு கட்டும் பாறைகளால் இப்பெயர் பெற்றது. ஆங்கிலேயர் காலத்தில் சுடுதல் பயிற்சிக்கு இலக்காயிருந்த இத்தீவு 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. இடுப்பளவு நீரில் முகத்தைத் தாழ்த்தினாலே முருகைக்கற்களும் வண்ண மீன்களும் தெரியும். துன்பம் யாதெனில், அந்த முருகைக்கற்களின் மேலேயே பலர் ஏறி நிற்கின்றனர். முருகைக்கல் என்பது கல்லன்று. சின்னஞ்சிறு கடல் உயிரினங்கள் பல்லாண்டு காலமாகக் கட்டிய உயிருள்ள வீடு. ஒருவரின் கால் முறிக்கும் கிளை மீண்டும் வளர்வதற்கு ஆண்டுகள் பல செல்லும். முருகைக்கல் மடிந்தால் மீன் குறையும். மீன் குறைந்தால் நிலாவெளியிலும் குச்சவெளியிலும் வலையிழுத்து வாழும் தமிழ், முஸ்லிம் குடும்பங்களின் அடுப்பு அணையும்.

இன்னும் வடக்கே, கனிய மணலுக்குப் பெயர்போன புல்மோட்டையின் அருகில் அரிசிமலை உள்ளது. அரிசி மணிகளைக் கொட்டிப் பரப்பியது போன்ற பருமணல் நிறைந்த சிறு கரையும், அதனை அணைத்து நிற்கும் பாறைக் குன்றும் கண்கொள்ளாக் காட்சி. இங்கும் தொல்பொருள் என்னும் பெயரில் காணிகள் எல்லையிடப்பட்டமையால் புல்மோட்டை முஸ்லிம் மக்கள் தமது நிலங்கள் குறித்துக் குரல் எழுப்பி வந்துள்ளனர். கன்னியாவில் தமிழர் எதிர்கொண்டதும் அரிசிமலையில் முஸ்லிம்கள் எதிர்கொண்டதும் ஒரே வகையான பிரச்சினையே என்பதை இரு சமூகத்தவரும் உணர்ந்து கொள்வது அவசியமாகும்.

குடாவின் மறுகரை

துறைமுகத்தின் தெற்கே கிண்ணியாவும் மூதூரும் உள்ளன. ஒரு காலத்தில் தோணியும் லோஞ்சும் பாதைப்படகுமே இப்பகுதி மக்களின் போக்குவரத்து. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதும் அந்நிலை பெரிதும் மாறியது. சுற்றுலாப் பயணிகள் இன்னும் இக்கரையை அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. எனினும், ஆங்கிலேய மாலுமி றொபேர்ட் நொக்ஸும் அவரது தந்தையும் 1660 இல் கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்டது இந்தக் கொட்டியாரக் கரையிலேதான். ஏறத்தாழ இருபது ஆண்டு காலம் கண்டி இராச்சியத்தில் தடுத்து வைக்கப்பட்டுத் தப்பிச் சென்ற நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூல், அக்கால இலங்கையின் வாழ்க்கையை அறிவதற்கு இன்றும் முதன்மையான ஆதாரங்களுள் ஒன்றாகும்.

கடலும் மலையும் ஒருங்கே வாய்த்த இம்மண் போரின் சுமையையும் தாங்கியது. இரண்டாம் உலகப் போரில் 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கின. அங்குள்ள எண்ணெய்க் குதங்களில் ஒன்று தீப்பற்றிப் பல நாட்கள் எரிந்தது. 2006 இல் மூதூரிலிருந்து முஸ்லிம்களும் சம்பூரிலிருந்து தமிழர்களும் ஒரே ஆண்டில் உடுத்த உடையுடன் இடம்பெயர்ந்தனர். அவ்வாண்டின் நினைவுகளுக்கு எந்தக் கரையிலும் அறிவிப்புப் பலகை இல்லை.

யார் சொல்வது?

2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி திருகோணமலை மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 40 சதவீதத்தினர். தமிழர் ஏறத்தாழ 31 சதவீதத்தினர். சிங்களவர் ஏறத்தாழ 27 சதவீதத்தினர். ஆயினும் 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைகளை முகாமை செய்வதற்கென ஜனாதிபதி செயலணி ஒன்று அமைக்கப்பட்டபோது அதில் ஒரு தமிழரோ ஒரு முஸ்லிமோ இடம்பெறவில்லை. இந்த மாகாணத்தின் பெரும்பான்மையினரான இரு சமூகங்களின் குரலும் இல்லாமலே அவற்றின் மண்ணின் வரலாறு தீர்மானிக்கப்படலாம் என்று எண்ணப்பட்டமை நாம் இலகுவில் மறக்கக்கூடியதன்று.

அதேவேளை அரசாங்கத்தைக் குறை கூறுவதோடு நமது பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. கோட்டைக்குள் உலாவும் புள்ளிமான்கள் பக்தர்கள் வீசிய பொலித்தீன் பைகளை மெல்வதற்கு எந்தத் திணைக்களமும் காரணமன்று. கன்னியாக் குன்றின் அடக்கத்தலம் குறித்து முதியவர்கள் அறிந்தவற்றை இன்னும் எவரும் முறையாக எழுதி வைக்காவிடில், அவர்களுக்குப் பின்னர் அது வெறும் கற்குவியலாகவே எஞ்சும். வெல்கம் விகாரையின் தமிழ்க் கல்வெட்டுகளை வாசித்து விளக்கக்கூடிய உள்ளூர் இளைஞர் சிலரையேனும் உருவாக்கும் பணியை நமது கல்விச் சமூகம் தன்மேல் ஏற்க வேண்டும்.

எனவே நாம் வேண்டுவன பெரியவை அல்ல. ஒவ்வொரு வரலாற்று இடத்திலும் மும்மொழிகளிலும் ஒரே செய்தியைக் கூறும் அறிவிப்புப் பலகைகள் நிறுவப்பட வேண்டும். அவற்றின் வாசகம் சகல சமூகங்களையும் சேர்ந்த அறிஞர்களின் இணக்கத்துடன் எழுதப்பட வேண்டும். தமிழ், முஸ்லிம், சிங்கள இளைஞர்கள் ஒன்றாகப் பயிற்றப்பட்டு வழிகாட்டிகளாக அமர்த்தப்பட வேண்டும். பாடசாலைச் சுற்றுலாக்கள் கோயிலோடும் கடற்கரையோடும் நின்றுவிடாமல் வெல்கம் விகாரைக்கும் திரியாய்க் குன்றுக்கும் மூதூர்க் கரைக்கும் நீள வேண்டும்.

அடுத்த முறை கோணேசர் மலைக்குச் செல்பவர்கள் கோட்டை வாயிலில் ஒரு கணம் வாகனத்தை நிறுத்தி, அந்த இரட்டைக் கயலைத் தம் பிள்ளைகளுக்குக் காட்டுவார்களாக. அது எப்படி அங்கு வந்தது என்று பிள்ளை கேட்கும். அதற்கு விடை கூறத் தெரிந்திருப்பதிலிருந்து நமது மரபுரிமைப் பாதுகாப்பு தொடங்கட்டும்.